சுக்கான் சுந்தரத்தின் இடக்கை

நான் கோபக்காரன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் மனைவி யோகமலர் சொல்லிவிடுவாள். டென்மார்க்கில், பிராண்டேயில் காற்றாலை இறகு செய்கிற தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் டெனிஷ்காரருக்கும் அது தெரியும். ஆனால் போன சனிக்கிழமை கோல்டிங்கில், நிறைந்த மண்டபத்தில், பொன்னாடையும் போர்த்தியபடி நான் ஏன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன் என்பதைக் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

நான் பிறவி இடக்கைக்காரன். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அது ஒரு விஷயமே இல்லை. நான் தொழிற்சாலையில் சேர்ந்த புதிதில், மேற்பார்வைக்காரன் நான் கத்தரிக்கோல் பிடிக்கிறதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இடக்கைக் கத்தரிக்கோல் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்படியா? மூன்றாம் வகுப்பு வாத்தியார் என் இடக்கையைச் சணல் கயிற்றால் நான் இருந்த வாங்கின் காலோடு கட்டிவிட்டு, வலக்கையால் எழுது என்றார். மழைக்காலம் முழுக்க அப்படியே இருந்தேன். வகுப்புப் பெடியள் என்னைச் சொத்திக்கையன் என்றார்கள். வீட்டில் சோற்றில் இடக்கை பட்டால் அம்மா புறங்கையில் ஒன்று வைப்பாள்.

அந்த வருடத்தில்தான் சுக்கான் சுந்தரம் வந்தான். எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் வந்த ஒரு வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்துச் சித்திரக்கதை அது. சுந்தரம் கப்பலோட்டி. புயலில் எல்லாரும் கீழே ஒளிந்துகொள்ள, அவன் மட்டும் மேலே நிற்பான். வலக்கையில் விளக்கு. இடக்கையில் சுக்கான். கவனித்தீர்களா? இடக்கையில். கள்ளனுக்கு அடி விழுந்தால் இடக்கையால் விழும். துறைமுகக் கந்தோரில் கையெழுத்து வைத்தால் இடக்கையால் வைப்பான்; வெள்ளைத் தொப்பி போட்ட அதிகாரி ஒரு சொல்லும் சொல்லமாட்டான். அந்தக் கட்டத்தை நான் வெட்டி எடுத்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். கை கட்டியிருக்கும்போது அது பைக்குள் இருக்கிறது என்று நினைப்பேன். அது போதும்.

படங்களின் மூலையில் 'ரத்னா' என்று மட்டும் இருக்கும். ரத்னா யார் என்று ஒருவருக்கும் தெரியாது. சினிமாவுக்குப் பாட்டு எழுதியவரின் ஒன்றுவிட்ட தம்பியைக் கூடக் கொண்டாடுகிற எங்கள் சனம், படம் கீறியவனை ஒரு நாளும் தேடவில்லை. எனக்கு அது வயிற்றெரிச்சல். பிரான்சில் ஒரு கூட்டாளியின் பெட்டிக்குள் தப்பிக் கிடந்த பழைய இதழ்களைப் பிரதி எடுத்து, கனடாவில் வருகிற ஒரு சஞ்சிகைக்கு நீளமான கட்டுரை எழுதினேன். ரத்னாவின் கடல், ரத்னாவின் கயிறு, ரத்னா முகத்தில் களைப்பைக் காட்டுகிற விதம், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த இடக்கை. இடக்கைப் பிள்ளைகளை ஊரே அடித்துத் திருத்திய காலத்தில் ஒரு கலைஞன் தன் நாயகனை இடக்கையனாக வைத்தானே, அந்தத் துணிவை யார் பாராட்டினீர்கள் என்று கேட்டிருந்தேன்.

கட்டுரை வெளிவந்து இரண்டு கிழமைக்குள் ஒரு தொலைபேசி.

"அண்ணை, நான் மரினா. கோல்டிங்கில இருந்து கதைக்கிறன். நீங்கள் எழுதின ரத்னா என்ரை அப்பாதான். செல்வரட்ணம் மாஸ்ரர். என்னோடதான் இருக்கிறார்."

கோல்டிங்! காரில் ஏறினால் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. முப்பது வருடமாக என் மூக்குக்கு முன்னால் இருந்திருக்கிறார். அன்றைக்கே போனேன். எண்பது வயது மனிதர். வெள்ளைச் சேட்டு, நல்ல சிரிப்பு. நான் வாங்கில் கை கட்டிய கதையைச் சொன்னேன். யோகமலருக்குத் தவிர வேறு ஒருவருக்கும் சொல்லாத கதை அது. அவர் என் இடக்கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்து வைத்துக்கொண்டார்.

"உமக்காகத்தான் தம்பி கீறினனான்" என்றார்.

நான் அழுதேன். எனக்கு வெட்கமில்லை, விம்மி அழுதேன். பிறகு ஒரு வருடமாக வாராவாரம் போனேன். கோல்டிங் தமிழ்ச் சங்கத் தலைவர் குலேந்திரனைப் பிடித்து நச்சரித்து, மாஸ்ரருக்கு ஒரு பாராட்டு விழா எடுக்க வைத்தேன். பாராட்டுரை நான். பொன்னாடை போர்த்துவதும் நான்.

விழாவுக்கு முந்திய கிழமை யோகமலர் என்னைப் பிராண்டேயில் லொப்பமார்க்கெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பழைய சாமான் சந்தை. அவள் பீங்கான் கோப்பைகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து மேசையில் பழைய சஞ்சிகைப் பெட்டியைக் கிளறினேன். நாலாவதோ ஐந்தாவதோ சஞ்சிகையின் நடுப்பக்கத்தில் சுந்தரம் நின்றான்.

சத்தியமாகச் சொல்கிறேன், சுந்தரமேதான். அதே புயல், அதே தொப்பி, அதே தாடை. மேலே டெனிஷில் 'ஸ்டூர்மான் பிரிக்ஸ்', சுக்கான்காரன் பிரிக்ஸ், என்று தலைப்பு. மூலையில் கயிற்றுச் சுருளுக்குள் ஒளித்து எழுதியது மாதிரி ஒரு பெயர்: வில்லி ஓஸ்லெவ்.

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. பாருங்கள் அநியாயத்தை! ஏழை நாட்டில் ஒரு மனிதன் விளக்கு வெளிச்சத்தில் கீறிய படத்தை, இங்கே ஒரு வெள்ளைக்காரன் சுருட்டி எடுத்துத் தன் பெயரைப் போட்டிருக்கிறான். அதுவும் எப்படி? அவனுடைய ஆள் சுக்கானை வலக்கையில் பிடித்திருந்தான். களவெடுத்தவனுக்குக் கையைக்கூடப் பார்த்துக் கீறத் தெரியவில்லை! நின்ற நிலையில் படம் எடுத்துக் குலேந்திரனுக்கு அனுப்பி, அழைத்தும் சொன்னேன்.

"குலேந்திரன், எங்கட மாஸ்ரரிட்டை டெனிஷ்காரன் களவெடுத்திருக்கிறான். கையும் களவுமாப் பிடிச்சிட்டன்!"

"என்ன சொல்லுறியள் தவராஜா அண்ணை! இது பெரிய விஷயமெல்லோ!"

சஞ்சிகையை வாங்கிக்கொண்டு காருக்கு வந்தோம். நான் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தேன். யோகமலர் மடியில் சஞ்சிகையை வைத்து அட்டையைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, இதில ஐம்பத்தொன்பதாம் ஆண்டு எண்டெல்லோ கிடக்கு?"

"அதுக்கென்ன?"

"மாஸ்ரர் கீறினது எழுபத்திநாலிலை எண்டு நீங்கள்தானே எழுதினியள்?"

நான் கார்த் திறப்பைப் போட்டுவிட்டுத் திருகாமல் இருந்தேன். ஐம்பத்தொன்பதில் மாஸ்ரருக்குப் பதினைந்து வயது. யோகமலர் தன் தலைக்கு மேலே இருந்த வெயில் மறைப்பை இறக்கினாள்; அதில் சின்னக் கண்ணாடி ஒன்று உண்டு. அவள் தலையைச் சரிசெய்யத்தான் இறக்கினாள். மடியில் அவள் விரித்து வைத்திருந்த நடுப்பக்கம் அந்தக் கண்ணாடியில் தெரிந்தது. கண்ணாடிக்குள் சுந்தரம் இடக்கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. சுந்தரத்தின் கோட்டுப் பொத்தான்கள் ஏன் பெண்களின் கோட்டு மாதிரி மறுபக்கம் இருக்கின்றன என்பதும் விளங்கியது. மாஸ்ரர் குளிர் தெரியாத ஊரில் இருந்தவர், கோட்டைக் கண்டாரா என்று கட்டுரையில் அதற்கும் நானே சாட்டுச் சொல்லியிருந்தேன். விசரன்.

வீட்டுக்கு வந்து குசினி மேசையில் வைத்து அந்தச் சஞ்சிகையை முழுக்க வாசித்தேன். கோபத்தோடு வாசித்தும் அந்த வில்லியை வெறுக்க முடியவில்லை. மாஸ்ரரின் படத்தில் இல்லாத மழை அதில் இருந்தது. மெல்லிய சரிந்த கோடுகள், அவை படாத இடமெல்லாம் காற்று. அலையைக் கீறாமல் வெள்ளையாக விட்டே அலையாக்கியிருந்தார். கயிற்று முடிச்சுகளைப் பார்த்தால் நாமே அவிழ்க்கலாம் போலிருந்தது. நான் வாழ்நாள் முழுக்கக் கொண்டாடியது இந்தக் கையைத்தான், இதன் மங்கிய பிரதியைப் பார்த்து. அடுத்த நாள் நூலகத்தில் வில்லியைப் பற்றிக் கேட்டேன். நூலகப் பெண் கணினியில் வெகுநேரம் தேடினாள். கப்பல்களுக்குப் பெயர் எழுதுகிற பெயின்டராக இருந்தவராம். எப்போதோ இறந்துவிட்டார். அவர் பெயரில் ஒரு புத்தகமும் இல்லை. "இவரைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை" என்றாள்.

கதைதான் வேறு. மாஸ்ரரின் கதையில் சுந்தரம் கண்ணீரோடு வழியனுப்பி வைக்கிற பாவப்பட்ட விதவை, டெனிஷில் சாராயம் கடத்துகிறவள். பிரிக்ஸ் அவளைப் பொலிஸிடம் கொண்டுபோகிறான். எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

சஞ்சிகையோடு கோல்டிங்குக்குப் போனேன். மரினா கதவைத் திறந்துவிட்டுத் தேத்தண்ணி போட உள்ளே போனாள். நான் நடுப்பக்கத்தை விரித்து மாஸ்ரரின் முன்னால் வைத்தேன். அவர் மறுக்கவில்லை. கண்ணாடியைப் போட்டு நன்றாகப் பார்த்தார்.

"கனகாலம் இதைக் கண்டு" என்றார்.

"எங்கால வந்தது மாஸ்ரர்?"

"என்ரை மச்சான் கப்பலில வேலை செய்தவன். டென்மார்க் மாலுமியள் போட்டிட்டுப் போற புத்தகங்களைக் கட்டிக்கொண்டு வருவான். எனக்கு ஒரு எழுத்தும் விளங்காது. படத்தைப் பாத்துக் கதையை நானே கட்டினனான். கதை என்ரை, தம்பி. அதிலை களவில்லை."

"படம்?"

"ரேசிங் தாளைப் படத்துக்கு மேல வைச்சுப் பென்சிலால எடுத்து, கவிட்டு வைச்சுக் கரண்டியால தேய்ச்சா மற்றத் தாளில இறங்கும். இடம் வலமா மாறித்தான் இறங்கும். மாறினது நல்லதாப் போச்சு. ஒருத்தருக்கும் பிடிபடாது எண்டு அப்பிடியே விட்டிட்டன்."

படம் களவு என்பதை நான் எப்படியோ விழுங்கிவிட்டேன். கேட்க வேண்டியது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"அப்ப இடக்கை?"

மாஸ்ரர் என்னைப் பார்த்தார். அந்த ஒரு நேரமாவது பொய் சொல்லியிருக்கலாம்.

"நீர் எழுதினாப் பிறகுதான் தம்பி நானே கவனிச்சன்."

"எனக்காகக் கீறினதெண்டு சொன்னியளே! என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னியளே!"

"நீர் அப்பிடி அழேக்க நான் வேறை என்னத்தைச் சொல்லுறது?"

தேத்தண்ணியோடு வந்த மரினா வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் கேட்டிருக்கிறாள். "அண்ணை, சனிக்கிழமை மட்டும்... பேத்தி கோப்பன்ஹேகனில இருந்து வாறாள். அப்பா ஒரு புதுக் கோட்டும் எடுத்து வைச்சிருக்கிறார்" என்றாள்.

நான் முற்றத்தில் இறங்கி நடந்துவிட்டுத் திரும்பி வந்தேன். ஒரு முடிவு எடுத்திருந்தேன்.

"மாஸ்ரர், நான் வாறன். படத்தைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கமாட்டன். கதையைப் பற்றி மட்டும் கதைக்கிறன். அது உங்கடைதானே. நீங்களும் எனக்கு ஒண்டு செய்யவேணும். இடக்கையைப் பற்றி வாயே திறக்கக்கூடாது. அது என்ரை. படத்தை நீங்கள் வைச்சிருங்கோ, என்ரை கையை விட்டிடுங்கோ."

"சத்தியமா" என்றார். நெஞ்சில் சிலுவையும் போட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் குலேந்திரனை அழைத்து, நான் அனுப்பிய படத்தைப் பிழையாக விளங்கிவிட்டேன், அதை மறந்துவிடுங்கள் என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. சொன்னால் மாஸ்ரரைக் காட்டிக் கொடுத்ததாகிவிடும்.

"சரி அண்ணை, சரி" என்று சிரித்தார் குலேந்திரன். அந்தச் சிரிப்பை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. ஊதுபத்தி வாசமும் பின்னால் ரோல்ஸ் பொரிக்கிற வாசமும் கலந்து அடித்தன. மேடையில் பெரிய பதாகை, அதில் சுந்தரம். நான் பாராட்டுரை வழங்கினேன். சுந்தரத்தின் பேச்சு, அவனுடைய பகிடி, விதவையின் பிரியாவிடை, எல்லாம் சொன்னேன். ஒரு சொல்லும் பொய் இல்லை. பொன்னாடையையும் போர்த்திவிட்டு வந்து யோகமலருக்குப் பக்கத்தில் இருந்தேன். அப்பாடா, முடிந்தது என்று நினைத்தேன்.

மாஸ்ரர் ஏற்புரைக்கு எழுந்தார். புதுக் கோட்டு அவருக்கு நன்றாகத்தான் இருந்தது. நன்றி சொன்னார், சங்கத்தைப் புகழ்ந்தார். சனம் கைதட்டியது. கைதட்டல் அடங்கும்போது அவர் முகத்தில் ஒரு ஆசை வந்ததை நான் கண்டேன். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்கிற ஆசை.

"ஏன் சுந்தரம் இடக்கைக்காரன் எண்டு கனபேர் கேக்கினம்" என்றார். "எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளை. வாத்தியார் அந்தப் பிள்ளையின்ரை இடக்கையைச் சணல் கயித்தால வாங்கின் காலோட கட்டிவிட்டவர். மழைக்காலம் முழுக்க. நான் என்ரை கண்ணால கண்டனான். அண்டைக்குத்தான் நான் சுக்கானைச் சுந்தரத்தின்ரை இடக்கையில குடுத்தனான்."

முன்வரிசையில் ஒரு அம்மா மூக்கைச் சிந்தினார். யோகமலர் என் பக்கம் திரும்பினாள்.

"இது உங்கட கதையெல்லோ?"

வாத்தியார் கயிற்றால் கட்டினார். அவர் என்னை ஏமாற்றவில்லை. இந்த மனிதனிடம் நானே கையை நீட்டிக் கொடுத்தேன். எடுத்துக்கொண்டு போய் மேடையில் வைத்து வித்துவிட்டான்!

அதோடு முடிந்திருந்தாலாவது பேசாமல் எழுந்து போயிருப்பேன். குலேந்திரன் ஒலிவாங்கியைப் பறித்தார்.

"இப்ப உங்களுக்கு ஒரு ஆச்சரியம்! தவராஜா அண்ணை தன்னடக்கத்தில சொல்லவேண்டாம் எண்டவர். நான் விடுவனே?"

திரையில் நான் அனுப்பிய படம் விழுந்தது. ஸ்டூர்மான் பிரிக்ஸ், வலக்கையில் சுக்கான். அதற்குப் பக்கத்தில் சுக்கான் சுந்தரம், இடக்கையில் சுக்கான்.

"டெனிஷ்காரர் எங்கட மாஸ்ரரிட்டைக் களவெடுத்திருக்கினம்! கண்டுபிடிச்சது எங்கட தவராஜா அண்ணை!"

மண்டபம் அதிர்ந்தது. விசில்கூட அடித்தார்கள். நான் மாஸ்ரரைப் பார்த்தேன். இல்லை என்று ஒரு தலையசைப்புப் போதும். செத்துப்போன ஒரு மனிதனைக் கள்ளன் என்கிறார்கள், அவனுடைய சோற்றைத் தின்றவர் நீங்கள், ஒரு சொல் சொல்லுங்கள். மாஸ்ரர் கைகூப்பினார். கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, கைதட்டலை வாங்கிக்கொண்டார்.

நான் எப்படி மேடைக்குப் போனேன் என்று தெரியாது. ஒலிவாங்கி என் இடக்கையில் இருந்தது.

"நிப்பாட்டுங்கோ! களவெடுத்தது டெனிஷ்காரன் இல்லை. அந்தப் புத்தகம் ஐம்பத்தொன்பதாம் ஆண்டு வந்தது. நான்தான் முதல்ல பிழையாச் சொன்னனான். மாஸ்ரர், நீங்களே சொல்லுங்கோ. ஆர் ஆரைப் பாத்துக் கீறினது?"

பின்னால் ரோல்ஸ் பொரிகிற சத்தம் கேட்டது. மாஸ்ரர் மெல்ல எழுந்து வந்து, என் கையில் இருந்த ஒலிவாங்கிக்கு வாயைக் கொண்டுவந்தார்.

"என்னைத் தேடிக் கண்டுபிடிச்சது தவராஜா தம்பிதான்" என்றார். குரல் தழுதழுத்தது. "அவர் இல்லாட்டி நான் ஆர்? அவர் கோவத்தில என்ன சொன்னாலும் நான் மறுத்துக் கதைக்கமாட்டன். இந்த மரியாதை எல்லாம் அவருக்குத்தான் சேரவேணும்."

சொல்லிவிட்டு, தன் தோளில் இருந்த பொன்னாடையை எடுத்து எனக்குப் போர்த்திவிட்டார்.

சனம் எழுந்து நின்றது. அப்படி ஒரு கைதட்டலை நான் கோல்டிங்கில் கேட்டதில்லை. எவ்வளவு பெரிய மனது, எவ்வளவு பணிவு என்று யாரோ சொல்வது கேட்டது. நான் சொன்ன ஆண்டு, நான் கேட்ட கேள்வி, எல்லாம் அந்தப் பட்டுத்துணிக்குள் மூடுண்டு போயிற்று. மாஸ்ரர் துணியை என் கழுத்தடியில் சரிசெய்கிற சாட்டில் காதுக்குள் குனிந்தார்.

"கோவிக்காதையும் தம்பி. சனம் பாக்குது."

குலேந்திரன் இரண்டு பேருக்கும் நடுவில் தலையை நுழைத்துச் செல்ஃபி எடுத்தார். ஒலிவாங்கியை வைத்துவிட்டு, பொன்னாடையை இழுத்து எறிவதற்காக நான் அதை இடக்கையால் பிடித்த நேரத்தில்தான் எடுத்தார். எறிந்தேன். ஆனால் அதற்குள் எல்லாரும் ரோல்ஸ் பக்கம் போய்விட்டார்கள்.

காருக்குள் யோகமலர் கைபேசியை நீட்டினாள். படம் சங்கத்துக் குழுவில் வந்துவிட்டது. குலேந்திரனின் கைபேசி அதை இடம் வலமாகத் திருப்பியிருந்தது. பின்னால் பதாகையில் தமிழ் எழுத்தெல்லாம் மறுபக்கமாக ஓடின. படத்தில் நான் பொன்னாடையை வலக்கையால் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே வாழ்த்துகள் குவிந்துகொண்டிருந்தன.

பின் இருக்கையில் இருந்த சஞ்சிகையை எடுத்தேன். கயிற்றுச் சுருளுக்குள் இருந்த பெயர் தெரியும்படி கிட்டப் பிடித்துப் படம் எடுத்து, 'சுந்தரத்தை உண்மையாக வரைந்த கலைஞர்: வில்லி ஓஸ்லெவ், 1959' என்று எழுதிக் குழுவில் போட்டேன். இதற்கு மேல் எப்படி விளக்கமாகச் சொல்வது?

கார் மண்டப வாசலைத் தாண்ட முதலே குலேந்திரனிடமிருந்து பதில் வந்தது. யோகமலர் வாசித்தாள்.

"'களவெடுத்தவனின்ரை பேரையும் பிடிச்சிட்டியள்! வாழ்த்துகள் அண்ணை.'"

அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டும் கைகள். நான் காரை ஓரமாக நிறுத்தினேன். யோகமலர் என் இடக்கையைப் பிடித்தாள்.

நான் வில்லியின் பக்கத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டேன். மழை அப்படியே பெய்துகொண்டிருந்தது, பிரிக்ஸ் தன் வலக்கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றான். அது அவனுடைய சொந்தக் கை. மன்னித்துக்கொள்ளும், வில்லி என்றேன். அவருக்குத் தமிழ் தெரியாதே என்று பிறகுதான் நினைவு வந்தது. டெனிஷில் இன்னொரு தடவை சொன்னேன்.